இல்லாத சர்க்கரையும் பதினேழு வருட மாத்திரையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்தது என் மனைவி செல்வி. மயங்கி விழுந்தது நான். ஊரில் இதை மாற்றிப் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கலியபெருமாளுக்குத்தான் ஏதோ பெரிய வியாதியாம், பொண்டாட்டி கூட இருந்து பார்த்துக்கொண்டாளாம். டீக்கடையில் போய் இதைத் திருத்தலாம். திருத்தினால் முழுக் கதையையும் சொல்ல வேண்டிவரும். அது நான் வழக்கமாகச் சொல்லிச் சிரிக்கவைக்கிற கதைகளில் சேராது. வீட்டிலும் என்னோடு பேச ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அம்மாப்பேட்டைக்குத் தெற்கே பன்னிரண்டு மா நிலம், ஏக்கர் கணக்கில் நாலு. பாதி சொந்தம், பாதி குத்தகை. இரண்டு பெண்கள். மூத்தவள் திருச்சியில் வேலை பார்க்கிறாள், சின்னவள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். செல்விக்கு நாற்பத்தொன்பது. தை பிறந்து பத்து நாள் இருக்கும். சம்பா தலைசாய்ந்து நின்றது. அறுப்பு மெஷினுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து பலகாரத்துக்கு உட்கார்ந்தேன். தட்டு வரவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். புடவையின் பின்பக்கம் முழுக்க ரத்தம்.

“என்னங்க, நின்னு போயிருந்துச்சுல்ல, அது திரும்ப வந்திருக்கு. ரெண்டு நாளா. இன்னிக்கு ரொம்பப் போவுது.”

“எது நின்னு போயிருந்துச்சு?” என்று கேட்டேன்.

பதினான்கு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு இல்லையாம். எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? போன மாதம்கூட நான்தானே மாத்திரை வாங்கி வந்து கொடுத்தேன்?

அந்த மாத்திரை வீட்டுக்குள் வந்த கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சின்னவள் பிறந்தபோது செல்விக்கு உடம்பில் ரத்தம் குறைவு. குடும்பக்கட்டுப்பாட்டு ஆபரேஷனை இப்போது செய்ய வேண்டாம் என்றார்கள். “ஆம்பளைக்குப் பத்து நிமிஷ வேலைங்க. தையல்கூட கிடையாது. மறுநாள் வயலுக்குப் போலாம்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார் ஒரு டாக்டர். நானும் வீராப்பாகச் சரி என்றேன். குறித்த தேதியில் குளித்து, திருநீறு பூசி, தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். ஆபரேஷன் அறை வாசல் பெஞ்சில் எனக்கு முன்னால் இரண்டு பேர். முதல் ஆள் உள்ளே போனார். கதவு மூடியது. உள்ளே ஒரு எவர்சில்வர் தட்டில் ஏதோ சாமான் வைக்கிற சத்தம் கேட்டது. டிங் என்று ஒரே ஒரு சத்தம். நான் எழுந்து பாத்ரூம் போகிற மாதிரி நடந்து, நடை ஓட்டமாகி, பழைய பஸ் ஸ்டாண்டில் வந்துதான் நின்றேன்.

வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியுமா? ஒரு காரணம் வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தன் சர்க்கரை வியாதியைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வந்தார். அதை அப்படியே இறக்கிக்கொண்டேன். “எனக்குச் சுகர் இருக்காம் செல்வி. புண்ணு ஆறாதாம். இப்ப வேணாம்னுட்டாங்க.”

அவள் அழுதாள். ஆபரேஷன் நடக்காததற்கு அல்ல, எனக்குச் சர்க்கரை வந்துவிட்டதற்கு. அன்று ராத்திரியிலிருந்து எனக்குச் சோறு நிறுத்தப்பட்டது. நெல் விளைகிற வீட்டில், பத்தாயம் நிறைய அரிசிக்கு நெல் கிடக்கிற வீட்டில், பதினெட்டு வருடம் ராத்திரிக்குக் கோதுமை ரவை உப்புமா. காபியில் சர்க்கரை இல்லை. பொங்கலன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல் ஒரு கரண்டி, அதுவும் அவள் கண்காணிப்பில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘செக்கப்’புக்கென்று தஞ்சாவூர் போவேன். நாலு ஜாங்கிரி தின்றுவிட்டு வந்து, “கட்டுக்குள்ள இருக்கு” என்பேன். “எல்லாம் உப்புமா பண்ற வேலை” என்று அவள் முகம் மலரும்.

இதைவிட வெட்கக்கேடு, அவள் சும்மாவும் இருக்கவில்லை. “கட்டுக்குள்ள இருக்குங்கிறீங்களே, இப்பப் போய்ப் பண்ணிக்கலாம்ல?” என்று நடுநடுவே கேட்பாள். நானும் பதில் வைத்திருந்தேன். “சம்பா அறுப்பு முடியட்டும்.” சம்பா முடிந்து கேட்டால், “குறுவைக்குத் தண்ணி விடப்போறான், நடவு முடியட்டும்.” எங்கள் ஊரில் இது பெரிய வசதி. கல்யாணம், கடன், கூரை மாற்றுவது, பல் பிடுங்குவது எல்லாவற்றையும் பயிர்மேல் தள்ளிவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பயிர் எப்போதும் ஏதாவது ஒரு நிலையில் இருந்துகொண்டேயிருக்கும்.

அதுவரைக்கும் என்று அவள் கருத்தடை மாத்திரை போட ஆரம்பித்தாள். இருபத்தொரு நாள் மாத்திரை, ஏழு நாள் இடைவெளி. சீட்டு, டாக்டர் எதுவும் இல்லை. ஒரு பழைய காலி அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் மருந்துக் கடையில் காட்டுவேன். செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். ஒரு மாதம் தவறியதில்லை. நல்ல புருஷன் என்று எனக்கே என்மேல் ஒரு அபிப்பிராயம் இருந்தது.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோனேன். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“எத்தனை வருஷமா மாத்திரை?”

“பதினெட்டு வருஷம் டாக்டர்” என்று முந்திக்கொண்டேன். “ஒரு மாசம்கூட விடல. நான்தான் வாங்கிக் கொடுக்கறது.”

பாராட்டு வரும் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

“பதினேழுதான் டாக்டர்” என்றாள் செல்வி படுத்தபடியே. “பதினாலு மாசத்துக்கு முன்னாடி நிறுத்திட்டேன். ஊருக்கு வந்த நர்சம்மா பிரஷர் பாத்துட்டு, இந்த வயசுக்கு இது வேணாம், உடனே விடுங்கன்னாங்க. கெண்டைக்காலும் வலிச்சுக்கிட்டே இருந்துச்சு. விட்டேன். அதுக்கப்புறம் மாசாமாசம் வர்றதும் வரல.”

“வாங்கியாந்ததெல்லாம்?” என்றேன்.

“உளுந்து டின்னுல இருக்கு.”

“எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா என்ன பண்ணுவீங்க? அறுப்பு முடியட்டும்பீங்க.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல், ரத்த அழுத்தம் பார்க்காமல் இந்த மாத்திரையை இத்தனை வருடம் கொடுத்தால் காலில் ரத்தம் உறையலாம், மூளையில் அடைப்பு வரலாம், வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது சோதித்திருக்க வேண்டும் என்று, திட்டுகிற குரலே இல்லாமல் சொன்னார். “ஒண்ணும் ஆகலங்கிறது அதிர்ஷ்டம். உங்களோடது. ஆபத்து பூரா அவங்களோடது.”

பிறகு ஸ்கேன். அதற்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று அவளை ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். துணைக்கு இருக்கட்டும் என்று நானும் ஒரு லிட்டர் குடித்தேன். அவள் ஒன்றரை மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மூன்று தடவை போய்விட்டு வந்தேன். துணை என்றால் அவ்வளவுதான் என் துணை.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா விளக்கினார். மாதவிலக்கு முழுதாக ஒரு வருடம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ், அதாவது நின்றுவிட்டது என்று கணக்கு. நின்ற பிறகு திரும்ப ரத்தம் பட்டால் அதை மாதவிலக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் என்று தேட வேண்டும். கர்ப்பப்பையின் உள்சுவர் இந்த நிலையில் மெல்லியதாக இருக்க வேண்டும். இவளுக்கு ஓரிடத்தில் தடித்திருக்கிறது. “நாளைக்கு மயக்கம் குடுத்து, உள்ளே கேமரா விட்டுப் பாத்து, அந்தச் சதையை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பணும். பெரும்பாலும் சாதாரணமா இருக்கும். ஆனா கேன்சர் இல்லைன்னு உறுதிப்படுத்தாம விட முடியாது.”

கேன்சர் என்ற சொல் எனக்கும் கேட்டது. கூடவே அந்தப் பழைய எவர்சில்வர் தட்டுச் சத்தமும் கேட்டது. அடுத்து நான் பார்த்தது மின்விசிறியின் அடிப்பக்கம். செல்வியின் பக்கத்துக் கட்டிலில் கிடந்தேன். இரண்டு சிஸ்டர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ரத்தம் போய் வெளுத்துக் கிடந்த என் மனைவி, கையில் டிரிப்ஸ் ஊசியோடு அரைவாசி எழுந்துவிட்டாள்.

“சிஸ்டர், அவருக்குப் பதினெட்டு வருஷமா சுகர். காலையில ஒண்ணும் சாப்பிடல. நல்லாப் பாருங்க சிஸ்டர்.”

“எனக்கு ஒண்ணுமில்ல” என்று எழப் பார்த்தேன்.

“நீங்க சும்மா படுங்க. சிஸ்டர், விரல்ல குத்திப் பாக்கறது பத்தாது. மூணு மாசச் சுகர் பாப்பாங்களே, அதையும் எடுத்துப் பாருங்க. இவரு பயந்துக்கிட்டு ஒழுங்கா சொல்ல மாட்டாரு.”

என் வாழ்நாளில் நான் ஊசிக்குப் பயந்து நடுங்கியதெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்த ஒரு சொட்டு ரத்தத்துக்கு நடுங்கிய நடுக்கம்தான் நடுக்கம். விரல் சோதனை நூற்று நான்கு என்றது. மூன்று மாதச் சர்க்கரைச் சோதனையின் முடிவு சாயங்காலம் வந்தது. இளம் டூட்டி டாக்டர் ஒருவர் காகிதத்தோடு வந்து, நல்ல செய்தி சொல்கிறோம் என்ற சந்தோஷத்தில் சொன்னார்.

“அம்மா, இவருக்குச் சுகர் இல்ல. சுத்தமா நார்மல். எந்த மாத்திரையில இருக்காரு?”

“மாத்திரை இல்லிங்க. சாப்பாட்டுலயே கட்டுப்படுத்தறோம்.”

“எந்த டாக்டர் சுகர்னு சொன்னது? பழைய ரிப்போர்ட் இருக்கா?”

செல்வி என் பக்கம் திரும்பினாள். ரிப்போர்ட் எங்கே என்று கேட்கத்தான் திரும்பினாள். கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாக என் முகத்தைப் படித்துப் பழகியவள்.

“பாத்தியா செல்வி” என்றேன். “உன் உப்புமா குணப்படுத்திடுச்சு.”

என் வாழ்க்கையில் விலை போகாமல் போன ஜோக்குகள் நிறைய. அவற்றில் இதற்குத்தான் முதலிடம். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரத்தம் ஏற்றுகிற பாட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய அக்கா வசந்தா வேதாரண்யத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தாள். தலையணை, போர்வை, தங்கைக்குக் கஞ்சி, எனக்குத் தூக்குவாளியில் தயிர்சாதம். அறைக்குள் காற்று மாறியிருப்பது அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தட்டு வைத்துவிட்டு, திடீரென்று நினைவு வந்தவளாக, “அய்ய, மாப்ளைக்கு ராத்திரில சோறு ஆவாதுல்ல?” என்றாள்.

“போடுக்கா” என்றாள் செல்வி, சுவரைப் பார்த்தபடி. “நல்லா போடு. அவருக்கு ஒண்ணும் இல்ல. எப்பவும் இருந்ததில்ல.”

பதினெட்டு வருடம் கழித்து ராத்திரியில் சோறு. மாவடுகூட இருந்தது. முதல் உருண்டையை உருட்டி, திரும்பத் தட்டிலேயே வைத்தேன்.

மறுநாள் காலை அறுப்பு மெஷின் புரோக்கர் போன் செய்தான். மெஷின் நம் பக்கம் வந்துவிட்டதாம், இன்று விட்டால் இனி பத்துப் பதினைந்து நாள் ஆகுமாம். அதே நேரத்தில்தான் அவளை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகத் தயார்செய்தார்கள்.

“போங்க” என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். “அறுப்பு முக்கியமில்லையா?”

“மயிரு அறுப்பு” என்று போனை அணைத்தேன். வீரமாகச் சொன்னேன், யாரும் கவனிக்கவில்லை.

கதவு மூடியது. நாற்பது நிமிடம். வாசலில் நானும் வசந்தாவும். என் மனசு முழுக்க ஒரே கணக்கு: மாத்திரையைக் கையால் வாங்கிக் கொடுத்தவன் நான். மாதத்துக்கு இருபத்தொன்று வீதம் பதினேழு வருடத்துக்கு எத்தனை என்று பெருக்கப் பார்த்து, பாதியில் விட்டேன். வசந்தா வேறு தன் பங்குக்குக் குத்தினாள். “எனக்கு ஒரு மாத்திரையும் இல்லாம நாப்பத்தாறுல நின்னுச்சு. இவளுக்கு நாப்பத்தெட்டு வரைக்கும் மாசாமாசம் கடிகாரம் மாதிரி வந்துச்சே, அப்பவே நெனச்சேன் மாப்ள, இது இயற்கை இல்லன்னு. மாத்திரை தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, உள்ள கட்டியாயிடுச்சு.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாத்திரை கருமுட்டையை வெளியே விடாமல் தடுக்கிறது. அப்படியென்றால் பதினேழு வருடத்து முட்டை மிச்சம். ஆகவே இவளுக்கு அறுபதிலும் நிற்காது. டீக்கடையில் வேறு ஏதோ பேச்சில் இந்தச் சித்தாந்தத்தைச் சொல்லிக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

டாக்டரம்மா வெளியே வந்து, சதையை முழுதாக எடுத்தாயிற்று, பார்வைக்கு நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறது, ஆனால் பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார். நான் என் சித்தாந்தத்தை அவரிடம் அவிழ்த்துவிட்டேன். பயத்தில் எனக்கு வாய் நீளும்.

“விவசாயம்தானே உங்களுக்கு?” என்றார். “விதைநெல்லு மூட்டையை விதைக்காம பத்து வருஷம் வச்சிருந்தா அத்தனையும் முளைக்குமா?”

“முளைக்காதுங்க. தானா வீணாப்போயிடும்.”

“கருமுட்டையும் அப்படித்தான். மாசம் ஒண்ணு வெளியே வர்றது மட்டும் கணக்கில்ல. வந்தாலும் வராட்டியும் உள்ளேயே நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டேதான் போவும். மாத்திரை போட்டதால மிச்சமாகாது. சீக்கிரம் தீரவும் தீராது. கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம்னு சொல்றவங்க இருக்காங்க, இல்லவே இல்லைங்கிறவங்களும் இருக்காங்க. பெரிய வித்தியாசம் உண்டுன்னு அடிச்சுச் சொல்ல ஆதாரம் இல்ல.”

“அப்ப நாப்பத்தெட்டு வரைக்கும் மாசாமாசம் வந்துச்சே?” என்றாள் வசந்தா.

“அது மாதவிலக்கே இல்லம்மா. அந்த ஏழு நாள் மாத்திரையை நிறுத்தறோம்ல, அதனால படற ரத்தம். மாத்திரை போடற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும். உள்ள நின்னிருந்தாலும் வரும்.”

எனக்கு அது சட்டென்று வயலாகத் தெரிந்தது. “அதாவது டாக்டர், ஆத்துல தண்ணி நின்னு ரொம்ப நாளாச்சு. நாங்க போர்செட்டுத் தண்ணியை வாய்க்கால்ல விட்டுட்டு, ஆத்துத் தண்ணின்னு நெனச்சுக்கிட்டிருந்தோம்.”

“ஏறக்குறைய அதேதான். மோட்டாரை நிறுத்தினாத்தான் ஆறு காஞ்சது தெரியும்.” போகிறபோது திரும்பினார். “இன்னொண்ணு. இந்த மாத்திரை கர்ப்பப்பைக் கேன்சருக்குக் காரணம் இல்ல. உள்சுவரை ஓரளவு காப்பாத்தத்தான் செய்யும். அதை நெனச்சுப் பயப்படாதீங்க. பயப்பட வேண்டியது பிரஷரும் காலும். அதுக்குத்தான் நீங்க பயப்படவேயில்ல.”

பயப்பட வேண்டிய இடம் விட்டு வேறு இடத்தில் பயப்படுவது எனக்குக் கைவந்த கலை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில்லில் ஐந்தாவது வரியில் என் பெயர் இருந்தது: கலியபெருமாள், சர்க்கரைப் பரிசோதனை இரண்டு. என் கோழைத்தனத்துக்கு ரசீது போட்டுக் கொடுத்த முதல் ஆஸ்பத்திரி அதுதான்.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த வாரத்தில் வசந்தா சமைத்தாள். மூத்தவள் லீவு போட்டு வந்து அம்மாவின் காலை மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள். செல்வி அவர்களோடு பேசினாள், சிரித்தாள்கூட. என்னிடம் மட்டும் வார்த்தை இல்லை. நான் வேலை செய்து காட்டிப் பார்த்தேன். துணி துவைத்தேன். உளுந்து டின்னைத் துடைக்கிற சாக்கில் திறந்தேன். பதினான்கு அட்டை, ஒரு மாத்திரை பிரிக்காமல், ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தது.

நாலாம் நாள், அவள் தனியாக இருந்த நேரம் பார்த்து, உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிட்டேன். “செல்வி, நான் நாளைக்கே போய் அந்த ஆபரேஷனைப் பண்ணிக்கிறேன்.”

“எதுக்கு?” என்றாள். “இனிமே யாருக்காக?”

அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த மாதிரி இரண்டு கேள்விகூட இல்லை.

ரிப்போர்ட் வாங்கப் போன அன்று காரில் அவள் முன் ஸீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால். டாக்டரம்மா உறையைப் பிரித்துப் படித்தார். நான் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மயங்கி விழ வாகாகச் சுவர் ஓரம் பார்த்துத்தான் நின்றிருந்தேன்.

“பாலிப். சாதாரணச் சதை முடிச்சு. கேன்சர் இல்ல. இனிமே திரும்ப ரத்தம் பட்டா மட்டும் உடனே வாங்க. பிரஷருக்கு மாத்திரை தொடர்ந்து போடணும்.”

அழுதேன். சத்தமாகவே. சிஸ்டர் ஒருவர் நாற்காலியைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் தயாராக வைத்தார், அனுபவப்பட்டவர். செல்வி ரிப்போர்ட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, டாக்டரைக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

வெளியே வந்து கார் வரக் காத்திருந்தோம். ரோட்டில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது. அவள் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத ஏதோ ஒரு இளக்கம் தெரிந்த மாதிரி இருந்தது. இதுதான் சமயம் என்று கிட்டே போனேன்.

“செல்வி, தப்புதான். பெரிய தப்பு. அடி, திட்டு, என்ன வேணா பண்ணு. பேசாம மட்டும் இருக்காத. எப்ப எங்கூடப் பேசுவ?”

அவள் அந்த டிராக்டர் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அறுப்பு முடியட்டும்” என்றாள்.

மெஷின் அடுத்த வாரம் வந்தது. பன்னிரண்டு மாவையும் ஒரே நாளில் முடித்தேன். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று, வைக்கோலைக் கட்டு கட்டி ஏற்றியாயிற்று, வயலில் உளுந்துகூட முளைவிட்டுவிட்டது. வசந்தா ஊருக்குப் போய்விட்டாள். செல்வி தன் பிரஷர் மாத்திரையைத் தானே போய் வாங்கி வருகிறாள், டாக்டர் சீட்டைக் காட்டி.

அறுப்பு முடிந்து இன்றோடு பதினோரு நாள். தினமும் ராத்திரி ஏழரைக்குப் பேச்சில்லாமல் தட்டு வருகிறது. கோதுமை ரவை உப்புமா. நான் ஒன்றும் கேட்பதில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறேன்.